அருணகிரிநாதர் கதையும் மறைந்த பழக்கமும்: அடையாளம் காணலும் பேசுதலும்

ஆய்வுச் சுருக்கம்

திருவண்ணாமலையில் வழங்கிவரும் அருணகிரிநாதர் கதை பக்திக் கதையாகவே படிக்கப்படுகிறது. ஓர் இளைஞனின் மீளாப் பழக்கத்தை அவனது வீடு எப்போது கண்டுகொண்டது, கண்டபின் என்ன பேசியது என்பதைச் சொல்லும் கதையாகவும் அதனைப் படிக்கலாம். அவ்வாறு படிக்கும்போது, கதைக்கும் அவர் பெயரால் வழங்கும் திருப்புகழ்ப் பாடல்களுக்கும் இடையே பெரியதொரு முரண் தென்படுகிறது. திருக்குறள், சிலப்பதிகாரம் ஆகியவற்றைத் துணைக்கொண்டு அம்முரணை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அருணகிரிநாதர், திருப்புகழ், வல்லாள கோபுரம், கள்ளுண்ணாமை, சூது, கோவலன், மீளாப் பழக்கம்

கதையும் அதன் சான்றும்

அண்ணாமலையார் கோயிலில் போசள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன் பெயரால் வழங்கும் வல்லாள கோபுரமும், அதனருகே கோபுரத்து இளையனார் சன்னிதியும் உள்ளன. கோயிலுக்கு வருவோரிடம் அவ்விடத்தைக் காட்டிச் சொல்லப்படும் கதை தமிழகம் நன்கறிந்தது. இளமையில் பரத்தையரிடம் பொருளையெல்லாம் இழந்த அருணகிரி, நோயுற்ற நிலையிலும் அப்பழக்கத்தை விடமுடியாமல் தமக்கையிடம் பணம் கேட்கிறார். கொடுப்பதற்கு ஒன்றுமில்லாத தமக்கை, உனக்கு வேண்டியது ஒரு பெண்ணுடல்தான் என்றால் நான் இருக்கிறேனே என்கிறாள். அச்சொல் தாங்காமல் அவர் கோபுரத்தின்மேல் ஏறிக் குதிக்கிறார், முருகன் தாங்குகிறான். பேச்சற்றிருக்கும்படி உபதேசிக்கிறான், பின்னர்ப் பாடும்படி பணித்து முதற்சொல்லையும் தானே எடுத்துக் கொடுக்கிறான்.

15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் அருணகிரிநாதர் என்பதற்கு, பிரபுடதேவ மாராயர் என விசயநகர மன்னர் ஒருவரை அவர் பாடலிலேயே குறித்திருப்பது வலுவான அகச்சான்றாகும். தமக்கையின் சொல்லுக்கோ கோபுர நிகழ்ச்சிக்கோ அத்தகைய சமகாலச் சான்று இல்லை. பாடல்களில் வரும் தன்னிரக்கக் கூற்றுகளும் செவிவழி மரபும் சேர்ந்து வளர்ந்ததே இக்கதை. வ. த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராகத் தேடிப் பதிப்பித்த பாடல்களைக் கொண்டு, அவர் மகன் வ. சு. செங்கல்வராய பிள்ளை ‘அருணகிரிநாதர் வரலாறும் நூலாராய்ச்சியும்’ எழுதினார். அந்நூலுக்குப் பின்னும் பாடல்கள் தன்வரலாறா, உலகத்தார் குற்றங்களைத் தம்மேல் ஏற்றிப் பாடியவையா என்னும் வினா முடியவில்லை. அன்பர்களில் ஒரு சாரார் இரண்டாவதையே கொள்வர்.

இக்கட்டுரைக்கு அவ்வினா முதன்மையானதன்று. நடந்ததோ, புனைந்ததோ, ஒரு சமூகம் ஐந்நூறு ஆண்டுகளாக எந்த வடிவில் இக்கதையைச் சொல்ல விரும்பியது என்பதே இங்குக் கருதத்தக்கது. 1964இல் டி. ஆர். ராமண்ணா இயக்கத்தில் டி. எம். சௌந்தரராஜன் அருணகிரியாக நடித்த திரைப்படம், கோயில் மண்டபங்களில் சொல்லப்பட்ட இக்கதையைக் கொட்டகைகளுக்கும் கொண்டு சென்றது. இன்றும் பலருக்கு அருணகிரி என்றால் அப்படத்தின் முகமும் குரலுமே.

கதையின் கட்டமைப்பில் கவனிக்கத்தக்கது அதன் மௌனம். செல்வம் கரைய ஆண்டுகள் பல ஆகியிருக்க வேண்டும். அவ்வாண்டுகளில் வீட்டில் எவரும் பேசியதாகக் கதை விரித்துரைப்பதில்லை. பேச்சு பிறப்பது பணம் தீர்ந்த அன்று. அதுவும் ஒரே ஒரு வாக்கியம். கேட்டவனைச் சுட்டெரிக்கும் வாக்கியம். வழக்கிலுள்ள சொல்முறையில் அதற்குப்பின் தமக்கைக்குப் பேச்சே இல்லை.

‘பழக்கம்’ என்னும் சொல்

தமிழ் வீடுகளில் இதற்கு வழங்கும் சொல்லே மறைப்பதற்கென அமைந்தது போலிருக்கிறது. ‘அவனுக்குப் பழக்கம் உண்டு’ என்பர்; எதில் பழக்கம் என்பதைச் சொல்வதில்லை. மருத்துவமனைகளிலும் ‘பழக்கம் ஏதும் உண்டா?’ என்றே கேட்கப்படுகிறது. பெண் பார்க்கும் படலத்தில் ‘எந்தப் பழக்கமும் இல்லாத பையன்’ என்பது ஒரு தகுதி. கேட்பவரும் சொல்பவரும் பொருளை அறிவர். ஆனால் பொருளின் பெயர் நாவில் வராது.

மறுபுறம், நாளிதழ்களும் அரசு அறிவிப்புகளும் வழங்கும் ‘போதைக்கு அடிமை’ என்னும் தொடர் வேறொரு சிக்கலை உடையது. பக்தி இலக்கியத்தில் அடிமை என்பது உயர்சொல். ஆட்படுதலே அடியவனின் பெருமை. மகளிர்க்கு ஆட்பட்டிருந்த நெஞ்சை இறைவனுக்கு ஆட்படுத்த வேண்டுவது திருப்புகழின் அடிப்படை இயக்கம். அங்கு அடிமை என்பது இடம் மாறக்கூடிய ஓர் உறவு. செய்தித் தொடரிலோ அது ஒருவன்மேல் ஒட்டிய பெயர். ஒரு சொல் எதையும் சொல்லாமல் விடுகிறது. மற்றொன்று சொன்னவுடன் ஆளையே முடித்துவிடுகிறது. இவ்விரண்டிற்கும் நடுவே நின்று பேசுவதற்கான தமிழ், பழைய நூல்களில் ஓரளவு இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

குறள் காட்டும் குறிகள்

வரைவின் மகளிர், கள்ளுண்ணாமை, சூது என்னும் மூன்று அதிகாரங்களும் (92, 93, 94) அடுத்தடுத்து நிற்கின்றன. அறவுரை என்னும் எதிர்பார்ப்போடு படிப்பவர்க்கு இவற்றின் கூர்மை எளிதில் தப்பிவிடும். கள்ளுண்ணாமை அதிகாரத்தின் பிற்பகுதி மறைப்பதைப் பற்றியது. மறைவாகக் குடிப்பவனை அவன் கண் சோர்விலிருந்தே உள்ளூரார் ஊகித்து நகைப்பர் என்கிறது 927ஆம் குறள். குடித்தறியேன் என்று சொல்வதை விட்டுவிடு, ஒளித்தது குடித்த பொழுதே வெளிப்படும் என்கிறது 928. முதற்குறளில் ஊர் அறிந்திருக்கிறது. ஆனால் அவனிடம் பேசவில்லை, சிரிக்கிறது. இரண்டாம் குறளில் அவன் மறுக்கிறான். மறைத்தலும் மறுத்தலும் ஊரின் நகையும் ஒன்றையொன்று வளர்ப்பதை இரு குறள்களிலும் தொடர்ந்து காணலாம். உரைகாரர்கள் இவற்றைக் கள்ளுண்பவனின் இழிவாக விளக்கினர். ஊரின் நடத்தை பற்றிய குறிப்பும் இவற்றில் உண்டு என்பது போதிய கவனம் பெறவில்லை.

அடுத்த இரண்டு குறள்கள் பேச்சைப் பற்றியவை. களித்திருப்பவனிடம் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வது, நீருக்குள் மூழ்கியவனை விளக்கேந்தித் தேடுவது போன்றது (929). தான் உண்ணாத வேளையில் உண்டு களித்த இன்னொருவனைக் காணும்போது, தன் நிலையும் இதுதான் என்று அவன் நினையானா (930)? முன்னது எப்போது பேசக்கூடாது என்கிறது. பின்னது அவன் தானே காண்பதற்குரிய பொழுது ஒன்று உண்டு என்கிறது. கடிந்துரைக்கும் அதிகாரம் ஒரு வினாவோடு முடிவது தற்செயலாகத் தோன்றவில்லை. தாயின் முகத்தை முன்னிறுத்தும் 923ஆம் குறளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. அங்கு, பெற்ற தாயே பொறாதவள் என்று சொல்லி நாணத்தைத் தூண்டுகிறார் வள்ளுவர். வீடுகள் இன்றுவரை எடுத்தாள்வது பெரும்பாலும் 923இன் வழியைத்தான்.

சூது அதிகாரம் இதனினும் நுட்பமானது. வென்றாலும் அவ்வெற்றி மீன் விழுங்கிய தூண்டில் இரும்பு (931). ஒன்று பெற்று நூறு இழப்பது அதன் இயல்பு (932). இழக்க இழக்க விருப்பம் மிகும் (940). இழப்பு ஒருவனை விலக்குவதற்குப் பதிலாக மேலும் ஈர்க்கும் என்னும் இக்கருத்து, உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் ஏற்று 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பகுப்பில் விளையாட்டு மீளாநோயை வரையறுக்கும் முறையோடு நெருங்கி நிற்கிறது. கட்டுப்பாடு இழத்தல், மற்ற அலுவல்களைவிட அதற்கே முதலிடம் தருதல், தீங்கு கண்டும் தொடர்தல் என்பன அங்குக் கூறப்படும் குறிகள். எத்தனை மணி நேரம் ஆடினான் என்பதைக் கொண்டு அவ்வரையறை எழவில்லை. வள்ளுவரும் எத்தனை காசு என்பதைக் கொண்டு பேசவில்லை.

தமிழ்நாட்டில் இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் சட்டம் 2022இல் இயற்றப்பட்டது. அதனைத் தொடர்ந்த 2025ஆம் ஆண்டு விதிமுறைகள், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை தடைவிதித்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் ஒன்றிய அரசின் சட்டம் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளையே முழுதும் விலக்கியது. அந்த நள்ளிரவு விதி இலக்கிய வாசகர்க்கும் பொருளுடையது. பழைய சூதுக்குக் கவறு, கழகம், உடன் ஆடுவோர் என மூன்றும் வேண்டும். ஆகவே உள்ளூர் கண்டுகொள்ளும். கைப்பேசிச் சூதுக்குக் கழகம் இல்லை. எல்லாரும் உறங்கும் வீடே கழகம். 927ஆம் குறளின் உள்ளூராருக்கு இதில் ஊகிக்க எஞ்சியிருப்பது மறுநாள் காலையின் கண் சோர்வு மட்டுமே.

இம்மூன்று அதிகாரங்களை அடுத்து வருவது மருந்து (95) என்பதையும் சுட்ட வேண்டும். அதன் இறுதிக் குறள் நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு நான்காவதாக அருகிருந்து பணி செய்பவனையும் மருத்துவத்தின் உறுப்பாக எண்ணுகிறது. சூதுக்கு அடுத்து மருந்து என்னும் வைப்பு முறைக்கு உரைமரபு வேறு காரணங்கள் கூறலாம். ஆயினும் அந்த நான்காமவர் யார் என்ற கேள்வியோடு திருவண்ணாமலைக் கதைக்குத் திரும்பினால், அந்த இடத்தில் நிற்பவள் தமக்கைதான். அவளுக்கு எவரும் அப்பணியைக் கற்றுத் தரவில்லை. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய மறுவாழ்வு நிறுவனம், குடிநோயாளியோடு குடும்பத்தாரையும் சேர்த்தே சிகிச்சைக்கு உட்படுத்தியது இந்த நான்காம் உறுப்பின் தேவையை உணர்ந்தே எனலாம்.

காலந்தாழ்ந்த பேச்சு

பணம் தீர்ந்த நாளில் வீட்டுப் பெண் என்ன சொல்கிறாள் என்பதற்குத் தமிழில் இன்னொரு காட்சி உண்டு. கனாத்திறம் உரைத்த காதையில் கோவலன் வீடு திரும்பி, குலத்தார் தேடிய பெரும்பொருளை இழந்துவிட்டதாகவும் அவ்வறுமை நாணம் தருவதாகவும் கூறுகிறான். அது ஒப்புதல் வாக்குமூலம். ஆனால் கண்ணகி அதனை ஒப்புதலாகக் கேட்கவில்லை. மாதவிக்குக் கொடுக்கப் பொருள் இல்லாமல் வருந்துகிறான் என்று கருதியே, முகத்தில் முறுவலோடு, சிலம்புகள் இருக்கின்றன என்கிறாள்.

அருணகிரியின் தமக்கை மறுத்தாள், கண்ணகி கொடுத்தாள். ஒருத்தியின் சொல் கொடுமை, மற்றொருத்தியின் சொல் கற்பு என்று மரபு பிரித்துவைத்தது. ஆனால் இரண்டு சொற்களும் ஒரு செயலைச் செய்யவில்லை. இருவரும் அவனிடம், உனக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கவில்லை. வாய் திறந்து சொல்ல வந்தவனுக்கு, அவன் பணம் கேட்பான் என்ற பழைய கணக்கின்படியே விடை கிடைக்கிறது. மீளாப் பழக்கம் உள்ள வீட்டில் இருதரப்பும் ஒருவரையொருவர் கேட்கும் திறனை இழந்துவிடுவதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய இடம் அரிது.

பேச்சு பின்னர் நிகழ்கிறது. மதுரைப் புறஞ்சேரியில், ஆயர் மனையில், கொலைக்களக் காதையில். வீண்பேச்சாளரோடும் பரத்தரோடும் கூடித்திரிந்ததையும் பெரியோர் சொல்லை இகழ்ந்ததையும் கோவலன் தானே எடுத்துரைக்கிறான். அப்போதுதான் கண்ணகி, நீர் செய்தது போற்றத்தகாத ஒழுக்கம் என்று நேராகச் சொல்கிறாள். அவன் பெற்றோர் பட்ட துயரையும், தன் துயரை அவர்களிடம் மறைத்து நடித்ததையும் சொல்கிறாள். அதில் வசை இல்லை; பொய்யான ஆறுதலும் இல்லை. கண்ணகி வாய்திறவாதவள் என்று சொல்லிப் பழகிய திறனாய்வு இவ்விடத்தில் தயங்கவேண்டும். அவள் பேசினாள். அன்றே அவன் சிலம்போடு வெளியேறுகிறான், திரும்பவில்லை. இளங்கோவடிகள் அவ்வுரையாடலைக் காப்பியத்தில் எங்கு வைத்தார் என்பதே அதன் துயரம்.

பாடலின் கூற்று

இனித் திருப்புகழ். கிடைத்துள்ள ஏறத்தாழ 1,300 பாடல்களில் பலவற்றுக்கு ஒரே நடை உண்டு. முற்பாதியில் பொதுமகளிரின் தோற்றம், பேச்சு, பொருள் பறிக்கும் வகை ஆகியன விரியும். இடையில் ஒரு வேண்டுகோள் வரும். பிற்பாதியில் முருகனின் வீரமும் தலத்தின் சிறப்பும் வந்து, விளியோடு முடியும். விளக்கம் சொல்வோர் முற்பாதியை விரைந்து கடப்பது வழக்கம். நாணம் ஒரு காரணம். பெண்ணைக் கண்ணியாகவும் வலையாகவும் மட்டுமே காட்டும் அப்பகுதி இன்றைய வாசகர்க்கு வேறு காரணத்தாலும் உவப்பற்றது. அக்கண்டனம் நியாயமானதே. தன் பழக்கத்துக்குக் காரணம் வெளியே இருக்கிறது என்பது எல்லாக் காலத்திலும் சொல்லப்படுவது. அன்று மகளிர், இன்று கூடாநட்பு, கைப்பேசி.

ஆனால் அம்முற்பாதியைக் கடந்துவிட்டால் பாடலின் உண்மையான வேலை புலப்படாது. சந்தம் அங்குதான் மிக மயக்குகிறது. வாய்விட்டுப் பாடுபவரின் நாக்கு அவ்வடுக்குகளில் இன்பம் கொள்கிறது. விடவேண்டியது எவ்வளவு இனியது என்பதைப் பாடல் மறைக்கவில்லை. தீது என்று மட்டும் சொல்லும் அறிவுரை இளைஞரிடம் தோற்பதற்குக் காரணம், அது இனிது என்பதை அறிவுரை ஒப்புக்கொள்ளாமையே. திருப்புகழ் அதை ஒப்புக்கொண்ட பின்னரே திரும்புகிறது.

திரும்பும் இடத்தின் இலக்கணம் மேலும் முக்கியமானது. அங்கு வருபவை ‘உழல்வேனோ’, ‘திரிவேனோ’ என்பன போன்ற தன்மை வினாக்களும், ‘அருள்வாயே’ என்பன போன்ற வேண்டல்களும் ஆகும். விட்டேன் என்னும் இறந்தகால முடிவு அரிதாகவே ஒலிக்கிறது. கதையின்படி அவர் ஒரே நாளில் மீண்டுவிட்டார். பாடல்கள் மீட்புக்குப் பின் பாடப்பட்டவை. அப்படியானால் ஊர்தோறும் நின்று, நூற்றுக்கணக்கான முறை, இனியும் விழுவேனோ என்று ஏன் கேட்க வேண்டும்? பிறர்க்காகப் பாடினார் என்போரும் இவ்வினாவிலிருந்து தப்பமுடியாது. அப்பிறர்க்கும் ஒரு நாளில் மீட்சி கைகூடவில்லை என்றே அது பொருள்படும். கதை ஒரு திருப்பத்தைச் சொல்கிறது. பாடல்கள் முடிவில்லாத திரும்புதலைச் சொல்கின்றன. அவற்றின் மிகுதியையும் ஒத்த அமைப்பையும் குறையாகக் கூறும் விமரிசனம் உண்டு. பழக்கத்திலிருந்து மீள்வோரின் அன்றாடம் அத்தகையதுதான் என்பதை நினைத்தால் அக்குறை வேறாகத் தெரியும்.

தணிகைப் பாடல் ஒன்றில் இருமல், நீரிழிவு, விடாத தலைவலி என நோய்கள் பெயர் பெயராக எண்ணப்பட்டு, பிறவிதோறும் இவை வருத்தாதிருக்க வேண்டப்படுகிறது. நோயுற்றோர் வீடுகளில் அதனை மருந்துபோல் ஓதுகின்றனர்; நீரிழிவு என்று கூடத்தில் உரக்கச் சொல்ல எவரும் கூசுவதில்லை. பொருளிழந்த, உடலிழந்த, சொல்லிழந்த நிலையை அதே புலவர் அதே தன்மைக் கூற்றில் பாடிய பாடல்கள் அவ்வாறு ஓதப்படுவதில்லை. எந்த நோய்க்குப் பெயர் சொல்லலாம், எதற்குச் சொல்லக்கூடாது என்பதைப் புலவர் வகுக்கவில்லை, ஓதுவோர் வகுத்தனர்.

கந்தரனுபூதியில் ஒலி தணிகிறது. அங்கு மகளிர் வருணனை இவ்வாறு விரிவதில்லை. பேசப்படுவது பெரும்பாலும் தன் மனத்தோடு. கெட்டுக்கொண்டிருக்கும் மனத்தை விளித்து, ஒளிக்காமல் ஈயும்படியும் இறைவனை நினைக்கும்படியும் அது கூறுகிறது. குற்றம் வெளியிலிருந்து உள்ளே இடம்மாறிவிட்டது; அதே வேளையில் அம்மனம் பழிக்கப்படுவதோடு நிற்காமல் வழியும் காட்டப்படுகிறது. பேச்சற்றிரு என்னும் உபதேசம் அந்நூலில்தான் இடம்பெறுகிறது. அந்த மௌனத்தைத் தமக்கை வீட்டு மௌனத்தோடு குழப்பிக்கொள்ளல் ஆகாது. ஒன்று பேசாமல் மறைத்தது. மற்றொன்று பேசித் தீர்த்தபின் அமைந்தது.

கோபுரத்தின்மேல்

கதையின் மையச் செயலைப் பெயர் சொல்லி அழைக்காமல் இவ்வாய்வு முழுமை பெறாது. கோபுரத்திலிருந்து அருணகிரி குதித்தது தற்கொலை முயற்சி. முருகன் தாங்கினான் என்பதால் கதை அதை அருளின் வாயிலாக மாற்றிக்கொண்டது. மேடையிலும் வகுப்பறையிலும் இக்கதை, இழிந்தவனும் உயரலாம் என்னும் நம்பிக்கைக்காகவே சொல்லப்படுகிறது. சொல்வோர் நோக்கத்தில் குறைகாண இடமில்லை. ஆனால் கேட்போரில் ஒருவன், தன் கைப்பேசிக் கடனை எவரிடமும் சொல்லாத இளைஞனாக இருக்கக்கூடும். அவன் கேட்கும் கதையின் வரிசை இது: பழக்கம், கடன், வீட்டாரின் ஒரு சுடுசொல், கோபுரம். அருள் வருவது அதற்குப் பிறகுதான். அவ்வரிசையில் பேசுவதற்கு என்று ஓர் இடமே இல்லை.

தமக்கையின் சொல்லைக் கதையின் உச்சமாகக் கொண்டாடும் சொல்முறை இங்குதான் மறுபரிசீலனைக்கு உரியது. அச்சொல்லே அவரைத் திருத்தியது என்பர். கதையின் நிகழ்ச்சிகளை உள்ளபடி எடுத்துக்கொண்டால், அச்சொல் அவரைத் திருத்தவில்லை; கோபுரத்தில் ஏற்றியது. தாங்கியவன் வேறொருவன். அவன் முதலில் செய்தது, விழுந்தவனை ஏன் விழுந்தாய் என்று கேளாமல் பிடித்தது. பின்னர் அவனை அமைதியாக இருக்கவிட்டது. அதன்பின் சொல் எடுத்துக்கொடுத்தது. அச்சொல்லைக் கொண்டு பாடுபவன் தன் பழக்கத்தைத் தன் வாயாலேயே, பெயரோடு, ஊரறியச் சொன்னான். இந்த வரிசையும் அதே கதைக்குள்தான் இருக்கிறது. கோபுரத்து இளையனார் சன்னிதியில் நின்று கதை சொல்வோர் பெரும்பாலும் முருகன் பிடித்த கணத்தோடு நிறுத்திவிடுகின்றனர். அதற்குப்பின் தமக்கையும் தம்பியும் எப்போதேனும் பேசிக்கொண்டனரா என்று கேட்கும் சிறுவர்க்குச் சொல்வதற்கு அவர்களிடம் கதை இல்லை.